ஓடுபாதைக்குக் கீழே ஒரு 'ட': நீளம் பாய்தல் குழி அமைத்த பதிவு

2024 கார்த்திகைக் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த மழை எங்கள் பள்ளிக்கூட மைதானத்தை மூன்று நாள் குளமாக்கி வைத்திருந்தது. தண்ணீர் வடிந்த அன்றே நீர்க்குழாய் மட்டத்தையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு நீளம் பாய்தல் ஓடுபாதைக்குப் போனேன். முன்பு பாதை இறங்கிய இடத்தில் ஐந்து புள்ளிகளில் அளந்தேன். ஆகக்கூடிய இறக்கம் 9 மில்லிமீற்றர். அதற்கு முதல் மாரியில் அதே இடம் 12 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. அளந்ததைக் கொப்பியில் குறித்துவிட்டு, இனி இதை எழுதலாம் என்று நினைத்தேன். இதே சிக்கல் இருக்கிற பள்ளிக்கூடங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கும். நான் வீணாக்கிய பணத்தையும் ஒன்றரை வருடத்தையும் அவர்கள் வீணாக்கக்கூடாது.

எங்கள் பள்ளிக்கூடம் இலங்கையின் வன்னியில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தருமபுரம் தாண்டி உள்ளே இருக்கிறது. நான் அங்கே உடற்கல்வி ஆசிரியை. உள்ளக அரங்கு, உடற்பயிற்சிக் கூடம் என்று எதுவும் எங்களிடம் இல்லை. பந்துகளும் அஞ்சலோட்டத் தடிகளும் குண்டும் தட்டும் அதிபரின் அலுவலகத்து அலுமாரிக்குப் பின்னால் இரண்டு உரப் பைகளில் இருக்கின்றன. மைதானம் இருக்கிறது, அதுதான் எங்கள் உடற்பயிற்சிக் கூடம். அதில் நீளம் பாய்தலுக்கென்று ஒரு குழி, வெட்டி மணல் கொட்டிய பள்ளமாகக் கிடந்தது. ஓடிவந்து கால் ஊன்றி எழும் மிதிபலகை இல்லை. சுண்ணாம்பால் கோடு போட்டுத்தான் பாயவிடுவோம்.

சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் பிள்ளைகள் இந்த அளவுகளை எல்லாம் மனப்பாடம் செய்கிறார்கள். மிதிபலகையின் நீளம் 1.22 மீற்றர், அகலம் 20 சென்ரிமீற்றர். பாயும் குழியின் அகலம் 2.75 மீற்றருக்குக் குறையக்கூடாது. பரீட்சையில் கேட்டால் பிழையில்லாமல் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பலகையை ஒருநாளும் மிதித்திருக்க மாட்டார்கள். வலயப் போட்டிக்குப் போய் முதன்முதலாகப் பலகையைக் காணும்போது அதன் முன்னால் நடை குழம்பி, மூன்று பாய்ச்சலும் பிழையாகித் திரும்பி வருவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சு கொதித்திருக்கிறது. பிள்ளையில் ஒரு குறையும் இல்லை.

வேலை தொடங்கியது 2023 மாசியில். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சியில், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ஓடிவரும்போது பாதையில் கால் மடங்கி விழுந்தாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கி மூன்று கிழமை ஓடாமல் இருந்தாள். போய்ப் பார்த்தால், கோட்டிலிருந்து 14 மீற்றர் தள்ளி, பாதைக்குக் குறுக்கே இரண்டரை மீற்றர் நீளத்துக்கு நிலம் தாழ்ந்திருந்தது. புல் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது நான் செய்தது முதல் பிழை. பள்ளம் என்றால் நிரப்பவேண்டும் என்று நினைத்தேன். உழவு இயந்திரத்தில் இரண்டு பெட்டி கிரவல் இறக்கினோம், 11,000 ரூபாய். பையன்கள் பரவினார்கள். தண்ணீர் அடித்து, சீமெந்து உருளையை நாலு நாள் உருட்டினோம். பார்க்க அழகாக இருந்தது. கோடை முழுக்க அசையாமலும் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கி ஒரு மாதத்தில் அதே இடம், அதே நீளம், 12 சென்ரிமீற்றர் இறங்கியது. நாங்கள் போட்ட கிரவலையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

அடுத்தது கறையான் புற்றாக இருக்குமோ என்று நினைத்தேன். அதற்கு அடுத்தது, வகுப்பறைக் கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் வந்து மண்ணை அரிக்கிறது என்று முடிவுகட்டி, பையன்களோடு நின்று 20 மீற்றருக்கு ஒரு வடிகான் வெட்டினேன். கான் வெட்டியது வீண் இல்லை, பிறகு உதவியது. ஆனால் பள்ளம் நிற்கவில்லை.

2024 தை மாதம் 12 மில்லிமீற்றர்க் கம்பி ஒன்றை ஆறடிக்கு வெட்டி, நுனியைத் தீட்டி, சுத்தியலால் இறக்கிப் பார்த்தேன். மற்ற இடங்களில் ஓரடி, ஒன்றேகாலடிக்கு மேல் போகாமல் இறுகியது. பள்ளத்தில் இரண்டு அடிக்குமேல் அடிக்கவே தேவையிருக்கவில்லை. கையால் அமத்தக் கம்பி 'சளக்' என்று நாலரை அடிக்குப் போனது. கம்பியை இழுத்தால் நுனியில் கறுப்பாக, உக்கிய நார் ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், பழைய பனங்கொட்டில் நனைந்தால் வருகிற மணம்.

வேலிக்கு அப்பால் இருக்கிற ஐயா ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றவர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு வருடமாக எங்கள் உழவு இயந்திரம் வருவதையும் போவதையும் பார்த்தவர். நான் ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை.

"பிள்ளை, எத்தினை லோட் கொட்டினாலும் அது குடிக்கும். கீழை பதுங்கிற பங்கர் கிடக்கு."

"ஆர் ஐயா வெட்டினது?"

"நாங்கள்தான். பெற்றார் எல்லாரும் சேந்து. பிள்ளையள் படிச்சுக்கொண்டிருக்கேக்கை குண்டு போடக் கிபிர் விமானம் வந்தால் ஓடவேணுமெல்லோ. 'ட' வடிவம். கிணத்தடியிலையிருந்து வேம்புக்கு நேராய் எட்டடி வந்து, பிறகு தெற்காலை முறியும். மேலை பனங்குத்தி அடுக்கி மண் மூட்டை போட்டது."

கம்பி போன இடங்களைக் கயிறு பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே 'ட'. யுத்தம் முடிந்து 2010 இல் சனம் மீளக் குடியேறி, பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கியபோது இயந்திரத்தால் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். குத்திகளை எடுக்கவில்லை. குத்திகளுக்குக் கீழே வெறுவெளி. பதினாலு வருடத்தில் பனை உக்க உக்க, மேலே நாங்கள் போட்டதெல்லாம் மாரிக்கு மாரி உள்ளே இறங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நான் கம்பி இறக்கியது பெரிய பிழை. கண்ணிவெடி அகற்றி, ஆட்கள் குடியிருக்க விட்ட நிலம் என்றாலும், ஆழத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று மேலிருந்து சொல்ல முடியாது. அதிபர் பொலிசுக்குக் கடிதம் கொடுத்து, வெடிபொருள் அகற்றும் ஆட்கள் வந்தபோது, அவர்களில் மூத்தவர் என் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ரீச்சர், அடுத்தமுறை இதை இறக்க முதல் எங்களைக் கூப்பிடுங்கோ" என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பக்கத்தில் எத்தனை பிள்ளைகளை நிற்கவைத்து அந்தக் கம்பியை அடித்தேன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஊரின் மூத்தவர்களிடம் கேளுங்கள், அடுத்தது அறிவியுங்கள், அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மண்ணில் இரும்பு படவேண்டும். பிள்ளைகள் கிட்டவும் வரக்கூடாது.

அவர்கள் கருவியோடு இரண்டு மணித்தியாலம் பார்த்தார்கள். தகரத் துண்டுகள், ஒரு சட்டி, எறிகணைச் சிதறல்கள் கொஞ்சம் வந்தன. ஆபத்தானது எதுவும் இல்லை. கிண்டும்போதும் ஒருவர் நிற்பது நல்லது என்றார்கள், நின்றார்கள்.

கிண்டியது 2024 ஆனியில். அதற்கு முதல் பணம் வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் ஒன்றரை இலட்சம் அனுப்பினார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஐம்பதினாயிரம் தந்தது. இரண்டு இலட்சத்துக்குள் பங்கரை மூடி, ஓடுபாதை போட்டு, குழி கட்டி, பலகையும் வைக்கவேண்டும்.

ஜேசிபி மணித்தியாலம் 6,000 ரூபாய்ப்படி மூன்றரை மணித்தியாலம் வேலை செய்தது. குத்திகள் கைபட்டதும் கேக்குத் துண்டாக உதிர்ந்தன. மூட்டைத் துணி மட்டும் உக்கவில்லை. பச்சை நைலோன் இழை அப்படியே இருந்தது, உள்ளே மண் கட்டிபட்டு மூட்டை வடிவிலேயே நின்றது. 'ட'வின் ஒவ்வொரு கையும் இரண்டரை மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம். இருந்த அழுக்கு மண், உக்கல், துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திட நிலம் தெரியும்வரை போனோம்.

நிரப்பும்போது இந்தமுறை அவசரப்படவில்லை. ஒரே தடவையில் கொட்டி மேலால் உருட்டினால் மேல் அரையடிதான் இறுகும், கீழே தளர்வாகவே இருக்கும். கிளிநொச்சியில் மண் இறுக்கும் கொம்பெக்டர் ஒன்றை நாளுக்கு 3,500 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தோம். 20 சென்ரிமீற்றர் கிரவல், தண்ணீர் தெளிப்பு, கொம்பெக்டர் மூன்று ஓட்டம், அடுத்த படை. தண்ணீர் எவ்வளவு என்று ஜேசிபி ஓட்டிய தம்பிதான் காட்டித்தந்தார். கிரவலை ஒரு பிடி எடுத்து அமத்த வேண்டும். உருண்டை உடையாமல் நிற்கவேண்டும், ஆனால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் அரை மணித்தியாலம் பொறுத்துவிட்டு அடியுங்கள். எட்டுப் படை வந்தது. பங்கருக்கு மட்டும் மூன்றரைக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) கிரவல் போனது.

ஓடுபாதைக்கு 40 மீற்றர் நீளம் வேண்டும் என்பது விதி. எங்களுக்குக் கிணற்றடி இடிக்கிறது, 32 மீற்றர்தான் கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது போதும். அகலம் விதிப்படி 1.22 மீற்றர். ஓரம் உதிரும் என்பதால் நாங்கள் ஒன்றரை மீற்றருக்கு வெட்டினோம். 15 சென்ரிமீற்றர் ஆழம், மூன்றரைக் கியூப் கிரவல். ஓடும் திசையில் சரிவு ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது, 32 மீற்றருக்கு 3 சென்ரிமீற்றர்தான். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் இரண்டு பையன்கள் பிடித்து, நாலு மீற்றருக்கு ஒரு முளை வைத்து மட்டம் எடுத்தோம். குழாய்க்குள் காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பிழைக்கும். முதல் நாள் எடுத்த அளவு முழுவதும் அப்படித்தான் பிழைத்து, மறுநாள் திரும்ப எடுத்தோம். குறுக்குச் சரிவு நூற்றுக்கு ஒன்று, கான் பக்கம் சாய்வாக.

குழி 9 மீற்றர் நீளம், 2.75 மீற்றர் அகலம். பலகையிலிருந்து குழியின் கிட்டிய விளிம்புக்கு 2 மீற்றர். அப்போது பலகையிலிருந்து குழியின் கடைசி விளிம்புக்கு 11 மீற்றர் வரும், 10 மீற்றருக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஆழம் 50 சென்ரிமீற்றர். அடியில் 15 சென்ரிமீற்றர் முக்கால் அங்குலச் சல்லி, அதற்குள் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்று கானுக்குப் போகிறது. சல்லிக்கு மேல் பழைய உரப் பைகளைப் பிரித்து விரித்தோம், மணல் சல்லிக்குள் இறங்காமல் இருக்க. அதற்குமேல் 35 சென்ரிமீற்றர் மணல்.

மணலில் மறுபடி பிழைவிட்டேன். வாய்க்கால் துப்புரவாக்கிய மணல் ஒரு லோட் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றதும் மலிவு என்று இறக்கிவிட்டேன். பார்க்க வெள்ளையாக, மாவாக இருந்தது. ஒரு மழை பெய்து காய்ந்ததும் மேலே பொருக்கு விட்டது. குதிக்காலால் உதைத்தால் தட்டுத்தட்டாகப் பெயர்ந்தது. அதில் ஒரு பிள்ளை விழுந்தால் முள்ளந்தண்டுக்குத்தான் அடி. பிறகுதான் போத்தல் சோதனை செய்தேன். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், மிச்சத்துக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு இரவு அசையாமல் வைத்தேன். காலையில் 10 சென்ரிமீற்றர் மணலுக்கு மேல் 2 சென்ரிமீற்றர் களி படிந்து நின்றது. இதை இறக்குவதற்கு முதல் செய்திருந்தால் 9,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். மணல்காரரின் பெட்டியில் இருந்து ஒரு பிடி வாங்கிவந்து இரவு போத்தலில் போட்டால் போதும், அவரும் கோபிக்க மாட்டார்.

அதை அள்ளி வேலியோரம் போட்டுவிட்டு, அனுமதிப்பத்திரத்தோடு கனகராயன் ஆற்று மணல் மூன்றரைக் கியூப் எடுத்தோம், கியூப் 13,000. கால் அங்குல வலையில் அரித்தே போட்டோம். அரித்ததில் சங்கு, கல், கண்ணாடிச் சில்லு என்று இரண்டு தாச்சி மிஞ்சியது. கண்ணாடிச் சில்லுகளை மேசையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அதன்பிறகு மணல் அரிக்க ஆள் தேடவேண்டியிருக்கவில்லை.

விளிம்புக்கு முதலில் பனஞ்சிலாகை வைக்கத்தான் நினைத்தேன். கறையான் தின்னும், பங்கரில் பார்த்ததே போதும். பத்துச் சென்ரிமீற்றர் அகலத்தில், ஓரடி ஆழத்துக்குக் கொங்கிறீற்று ஊற்றி, மேல் மூலையை மேசன் கரண்டியால் உருட்டி வழித்தார். அதற்கு மேல் பழைய லொறி ரயரை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்தோம். ரயர் கடைக்காரர் சும்மா தந்தார், பிளக்கத்தான் கை வலித்தது. கத்தியில் சவர்க்காரத் தண்ணீர் தடவித் தடவி வெட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி மிதிபலகை. பங்கரைக் கிண்டியபோது ஒரு கையின் வாசலில் பனங்குத்திக்குப் பதிலாக ரயில் சிலிப்பர்க்கட்டை ஒன்று கிடைத்தது. 1990 இல் யாழ்ப்பாண ரயில் நின்ற பிறகு தண்டவாளங்களும் கட்டைகளும் பங்கர்களுக்குப் போன கதை வன்னியில் எல்லாருக்கும் தெரியும். ரயில் 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்துவிட்டது, இந்தக் கட்டை மட்டும் எங்கள் மைதானத்துக்குள் இருந்திருக்கிறது. கழுவினால் மேல் தோல் மட்டும் சாம்பல் நிறம், உள்ளே வைரம். பங்கரில் பிள்ளைகளைக் காத்த கட்டையையே மிதிபலகையாக்கினால் எவ்வளவு பொருத்தம் என்று எனக்கும் அதிபருக்கும் ஒரே சந்தோஷம். உழவு இயந்திரத்தில் ஏற்றி மரக்காலைக்குக் கொண்டுபோனோம்.

மரக்காலை அண்ணை கட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு குந்தியிருந்து, ஒரு பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தார். மரத்தின் நிறத்துக்குள் நாணயக்குற்றி அளவில் கருநீல வட்டம் ஒன்று தெரிந்தது. அதன் நடுவில் நகத்தை வைத்தார். "இதுக்குள்ளை இரும்பு கிடக்கு. இரும்பு கிடந்தால் மரம் இப்பிடித்தான் கறுக்கும். வாள் போனால் எனக்கு ஒரு கிழமை வேலை போச்சு" என்றார். ஒரு சாணுக்குள் அப்படி நாலு வட்டம். ஆணி அடித்த ஓட்டைகள் வேறு. யுத்தம் நடந்த இடங்களில் நின்ற மரங்களை அறுக்க முதல் அவர் இப்படித்தான் ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்ப்பாராம். பட்ட அனுபவம்.

நான் விடவில்லை. கைவாளால் நல்ல பக்கத்தில் 1.22 மீற்றர்த் துண்டு ஒன்றை இரண்டு நாள் இருந்து அறுத்தோம். ஆணி ஓட்டைக்குப் பக்கத்தில் போல்ட்டுக்குத் துளை போட்டபோது நீளவாக்கில் வெடித்துவிட்டது. ஏற்றுக்கூலி, போல்ட், துளையிடும் முள் என்று 2,200 ரூபாய். பொருத்தம் என்பது மனதுக்கு நல்லது, ஆனால் 50 கிலோப் பிள்ளை முழு வேகத்தில் மிதிக்கும் பலகைக்கு மரம் நல்லதாக இருக்கவேண்டும். அந்தக் கட்டையின் மிச்சம் இப்போது கிணற்றடியில் இருக்கையாகக் கிடக்கிறது.

அதே மரக்காலையில் பாலை மரத்தில், நாலடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலு அங்குலத் தடிப்பில் சீவி எடுத்த பலகை 9,500 ரூபாய். கொங்கிறீற்றில் தொட்டி மாதிரி ஒரு பெட்டி ஊற்றி, அடியில் தண்ணீர் போக இரண்டு துளை விட்டு, பலகையை உள்ளே இறக்கினோம். பெட்டியைப் பலகை இறுக்கமாக இருக்கும்படி செய்துவிட்டேன். முதல் மழையில் மரம் ஊதி, பலகை பெட்டிக்குள் இறுகி நின்றது. அலவாங்கு போட்டுக்கூட எடுக்க முடியவில்லை. வெயில் வந்து சுருங்கிய பிறகு எடுத்து, சுற்றிவர 3 மில்லிமீற்றர் சீவினோம். நீங்கள் செய்தால் தொடக்கத்திலேயே அந்த இடைவெளியை விடுங்கள். பலகையின் மேல்பரப்பு, ஓடுபாதை, குழி மணல் மூன்றும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். மணல் மூன்று சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே பிள்ளைக்குக் கூடுதல் தூரம் கிடைக்கும், அளவு பொய்யாகிவிடும். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஒரு நேர்த்தடியைக் குறுக்கே வைத்துப் பார்க்கிறோம்.

மணலுக்குத் தொந்தரவு மாட்டாலும் நாயாலும்தான். முதலில் தறப்பாள் போட்டு மூடினோம். அடியில் ஈரம் நின்று மணல் நாறியது. முல்லைத்தீவுப் பக்கத்துப் பெற்றார் ஒருவர் பழைய மீன்வலை கொண்டுவந்து தந்தார். நாலு பக்கமும் கல் வைத்து விரித்துவிட்டால் காற்றும் போகும், சருகும் மேலே நிற்கும், நாய் கால் மாட்டும் என்று கிட்ட வராது.

செலவை அப்படியே தருகிறேன். ஜேசிபி 21,000. கிரவல் ஏழு கியூப் 38,500. கொம்பெக்டர் இரண்டு நாள் 7,000. சல்லி ஒன்றரைக் கியூப் 24,000. மணல் 45,500. பலகை 9,500. சீமெந்து ஆறு மூட்டை 13,800. மேசன் மூன்று நாள் 10,500. குழாய் 6,400. கூட்டினால் 176,200 ரூபாய். இதற்கு வெளியே, முதல் கொட்டிய கிரவல், களி மணல், சிலிப்பர்க்கட்டை என்று வீணாய்ப் போனது 22,200. மொத்தம் 198,400. கையில் மிஞ்சியது 1,600, அதில் ஒரு மர வாரி வாங்கினேன். இரும்பு வாரியை மணலுக்குள் மறந்து விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

திரும்பச் செய்வதென்றால் குழாயை மாற்றுவேன். மூன்று அங்குலக் குழாயின் வாயில் வலை கட்டாமல் விட்டதால் புயல் மழையில் சருகு அடைத்து, குழியில் ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் நின்றது. ஓடுபாதையின் வேலை கோடையின் தொடக்கத்திலேயே முடிந்திருக்கவேண்டும், ஆவணியில் தெளிக்கக் கிணற்றுத் தண்ணீர் போதாமல் போனது. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல், பள்ளம் கண்ட அன்றே வேலிக்கு அப்பால் போய் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

2025 இல் நடந்த இல்லப் போட்டியில், கணுக்கால் மடங்கி விழுந்த அதே பிள்ளை 4.31 மீற்றர் பாய்ந்தாள். மூன்று பாய்ச்சலில் ஒன்றுகூடப் பலகை தாண்டிப் பிழையாகவில்லை. வெள்ளைக்கொடி மூன்று தரம் எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது உயரம் பாய்தல் கேட்கிறார்கள். இந்த மணல் குழிக்குள்ளேயே விடச் சொல்லி நெருக்குகிறார்கள். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் எங்கள் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்த காலத்தில் இன்றைய நுரைமெத்தை இருக்கவில்லையே, ரீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் பாய்ச்சல் வேறு. 1968 இல் அமெரிக்க வீரர் பொஸ்பரி முதுகால் தாண்டிக் காட்டிய பிறகு எல்லாரும் அப்படித்தான் பாய்கிறார்கள், அதை மணலில் பழக்கினால் கழுத்து முறியும். மெத்தை வரும்வரை, காலில் வந்து நிற்கும் கத்தரிப் பாய்ச்சலை மட்டும், அதுவும் தாழ்ந்த உயரத்தில், பழக்குகிறேன். மெத்தைக்குக் கேட்ட விலை இந்த முழு வேலையின் செலவையும் பல மடங்கு தாண்டுகிறது.

அதற்கு முதல் கரப்பந்தாட்டத் திடல் இருக்கிறது. 1991 இலிருந்து நாட்டின் தேசிய விளையாட்டு, ஆனால் எங்கள் திடலில் வலைக் கம்பம் ஒன்று மாரிக்கு மாரி உள்ளே சாய்கிறது. இந்தமுறை நான் கம்பியைத் தொடவில்லை. போன கிழமை ஐயாவைக் கூட்டிவந்து 18 மீற்றர் நீளத்தையும் 9 மீற்றர் அகலத்தையும் சுற்றிக் காட்டினேன். பொல்லை ஊன்றி மெல்ல நடந்து வந்து, சாய்ந்த கம்பத்துக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"இதிலை ஒண்டு. அந்தத் தொங்கலிலை இன்னொண்டு, சின்னன். அது ஆர் வெட்டினதெண்டு எனக்குத் தெரியேல்லை. ஊரிலை ஒரு கிழவியைக் கேட்டுச் சொல்லுறன்."

இரண்டு இடத்திலும் சிவப்புத் துணி கட்டிய முளை நட்டுக் கயிறு சுற்றியிருக்கிறோம். அதிபரின் கடிதம் திங்கட்கிழமை பொலிசுக்குப் போகிறது.